புல்லும் பூட்ஸும் முழங்காலும்

1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் நடைபெற்ற ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். சுதீர் சட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து நின்ற இந்திய அணியிலும் பெரும்பாலோர் வெறுங்காலினரே. அன்று இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டி வாய்ப்புகளை வீணாக்கி நம்மவர் 1-2 எனத் தோற்றனர். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்ற பிறகே இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

இவ்வரலாற்றைப் பெருமையாகச் சொல்வோரும் உண்டு. வறுமையின் அடையாளமாகச் சொல்வோரும் உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. ஆட்டக்காரரின் பாதத்துக்கும் மைதானத்துக்கும் இடையே என்ன நிகழ்கிறது? அது முழங்காலையும் கணுக்காலையும் எவ்வாறு பாதிக்கிறது? வாரவிடுமுறையில் வாடகை மைதானத்தில் ஆடும் அலுவலருக்கும், மகளைப் பயிற்சி முகாமில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும் இக்கேள்வி உலகக் கோப்பை வீரருக்கு உள்ள அளவுக்கு முக்கியமானது. வீரருக்கு அணி மருத்துவர் இருக்கிறார், நமக்கு இல்லை.

வெறுங்காலில் ஆடுவோருக்கு ஒரு நன்மை இருந்தது. உலர்ந்த புல்லில் கால்விரல்கள் தரையைக் கவ்வும். உடல் திரும்பும்போது பாதமும் உடன் திரும்பிவிடும். விரல் முறிவும் வெட்டுக்காயமும் எதிரணியினரின் பூட்ஸ் மிதியும் இதற்குக் கொடுத்த விலை. மழை பெய்தால் அந்த நன்மையும் போய்விடும். கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அதை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அணி, ஈர மைதானங்களில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழகியிருந்தது.

சேற்றில் கால் ஊன்றுவதன் மதிப்பை உலகம் முழுவதும் உணர்ந்தது 1954 ஜூலை 4 அன்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதியாட்டம். லீக் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என நொறுக்கியிருந்த ஹங்கேரி, முதல் எட்டு நிமிடங்களிலேயே இரண்டு கோல்கள் அடித்துவிட்டது. மழை நிற்கவில்லை. ஜெர்மானியரின் பூட்ஸ்களை அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் செய்துகொடுத்திருந்தார். அவற்றின் அடியிலிருந்த ‘ஸ்டட்’ எனப்படும் குமிழ்களைக் கழற்றி, மைதானத்துக்கேற்ற நீளத்தில் வேறு குமிழ்களைத் திருகிக்கொள்ள முடியும். ஜெர்மனி 3-2 என வென்றது. வெற்றிக்குக் குமிழ்கள் மட்டுமே காரணம் என்பது மிகை. எனினும் அன்றுமுதல் பூட்ஸ் என்றாலே பிடிப்பு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

பிடிப்பு அதிகமாக இருப்பது நல்லதுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். பிடிப்பில் இரண்டு வகை உண்டு. ஓடத் தொடங்கும்போதும் சட்டென நிற்கும்போதும் பாதம் வழுக்காமல் தாங்குவது ஒன்று. இது ஆட்டக்காரருக்கு உதவும். பாதம் ஊன்றிய நிலையில் உடல் திரும்பும்போது, பாதத்தைத் திரும்பவிடாமல் தரை பற்றிக்கொள்வது மற்றொன்று. இந்தச் சுழற்சிப் பிடிப்புத்தான் ஆபத்தானது. இடுப்பும் தொடையும் ஒரு பக்கம் திரும்ப, பாதம் ஆணியடித்தாற்போல் நிலத்தில் நிற்க, இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்வது முழங்கால்.

முழங்காலின் நடுவே இரண்டு தசைநார்கள் சிலுவைபோல் குறுக்கிட்டுச் செல்கின்றன. அவற்றுள் முன்னதை ‘ஏ.சி.எல்.’ என்று மருத்துவரும் ஆட்டக்காரரும் சுருக்கமாக அழைப்பர். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறி முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இதன் வேலை. இத்தசைநார் அறுந்துபோகும் நிகழ்வுகளுள் பெரும்பாலானவற்றில் எதிராளி முழங்காலைத் தொட்டிருப்பதே இல்லை. ஓடிவந்து, காலை ஊன்றி, திசை மாற்றும் அந்த ஒரு கணத்தில் அது அறுகிறது.

இதில் காலணியின் பங்கை முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர் ஜோசப் டார்க். 1970களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கால்பந்து ஆடும் உயர்நிலைப்பள்ளி மாணவரின் முழங்கால் காயங்களை அவர் ஆராய்ந்தார். சில நீண்ட குமிழ்களைக் கொண்ட வழக்கமான காலணிக்கு மாற்றாக, பல குட்டையான குமிழ்களைக் கொண்ட காலணியை அணிந்தபோது முழங்கால் காயங்கள் குறைந்தன. 1996இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஆட்டக்காரரை மூன்று பருவங்கள் பின்தொடர்ந்தது. காலணியின் விளிம்பைச் சுற்றி நீண்ட, ஒழுங்கற்ற குமிழ்களும் நடுவில் சிறு குமிழ்களும் உடைய வகைதான் சுழற்சியை மிகுதியாகத் தடுத்தது, ஏ.சி.எல். அறுந்தவர்களின் விகிதமும் அதை அணிந்தவரிடையேதான் தெளிவாகக் கூடியிருந்தது. அமெரிக்கக் கால்பந்து வேறு விளையாட்டுத்தான். ஆனால் காலை ஊன்றித் திரும்பும் முழங்காலுக்குக் கையில் இருக்கும் பந்தின் வடிவம் தெரியாது.

காலணியைப் பற்றிச் சொன்னதில் பாதிக்கும் மேற்பட்டது தரைக்கும் பொருந்தும். இவ்வகையில் நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றியது ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தது. அந்நாட்டு விதிகளின்படி ஆடப்படும் கால்பந்தில், வெப்பம் மிகுந்த வடபகுதி மைதானங்களில் ஏ.சி.எல். காயங்கள் ஏன் கூடுதலாக நிகழ்கின்றன என்பதை அவர்கள் பல பருவங்களின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தனர். மழை மிகுந்து நிலம் இளகியிருக்கும்போது இக்காயங்கள் குறைந்தன. வறண்ட காலத்தில், குறிப்பாகப் பருவத்தின் தொடக்கத்தில், கூடின. அதோடு புல்லின் வகையும் ஒரு காரணமாகத் தென்பட்டது. ரை புல் வளர்ந்த மைதானங்களைக் காட்டிலும் பெர்முடா புல் வளர்ந்த மைதானங்களில் காயங்கள் அதிகம்.

பெர்முடா புல் என்பது வேறெதுவுமன்று. பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அறுகம்புல்தான். மைதானங்களில் பயிரிடப்படுவன அதன் தேர்ந்த வகைகளும் கலப்பினங்களும். அறுகுபோல் வேரோடுமாறு மணமக்களை வாழ்த்துவது நம் வழக்கம். வாழ்த்துக்கு உகந்த அந்தக் குணமே மைதானத்தில் சிக்கலாகிறது. அறுகின் தண்டுகள் தரையோடு தரையாகப் படர்ந்து பின்னிக்கொள்ளும். உலர்ந்த தண்டுகளும் வேர்களும் சேர்ந்து மண்ணுக்கு மேல் மெத்தைபோல் ஓர் அடுக்கை உண்டாக்கும். குமிழ் அதில் செருகிக்கொண்டால் எளிதில் விடுபடாது என்பது ஆர்ச்சர்ட் குழுவினர் தந்த விளக்கம். ரை புல் கொத்துக் கொத்தாக நிற்பது. அழுத்தம் மிகும்போது பிய்ந்து பாதத்தை விட்டுவிடும்.

நம் நாட்டின் வெப்பத்தில் ரை புல் ஆண்டு முழுவதும் நிற்காது. அறுகின் இனமே நமக்குக் கதி. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்திலும் அதுவே பச்சை விரித்திருக்கிறது. ஆகவே புல்லை மாற்றச் சொல்வதில் பயனில்லை. மேலே தேங்கும் உலர்ந்த அடுக்கைக் காலந்தோறும் கீறி அகற்றுவதும், மண்ணைத் துளையிட்டு இளக்குவதும், ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிப்பதும் செய்யக்கூடியவை. இவற்றைச் செய்யும் மைதானப் பராமரிப்பாளரின் ஊதியம் பெரும்பாலும் சங்கத்தின் வரவுசெலவில் கடைசி வரியாக இருக்கும். ஒரு நல்ல பராமரிப்பாளர் காப்பாற்றும் முழங்கால்களின் எண்ணிக்கையை எந்தக் கணக்கேட்டிலும் காண முடியாது.

புல்லே இல்லாத மைதானங்கள் நம் நாட்டில் இன்னும் மிகுதி. மலப்புறத்தின் ‘செவன்ஸ்’ ஆட்டங்கள் அறுவடை முடிந்த வயல்களிலும் செம்மண் தரையிலும் வளர்ந்தவை. பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் புழுதியும் சரளையும். இங்கே சிக்கல் வேறு. குமிழ் தரைக்குள் இறங்குவதில்லை. ஆட்டக்காரரின் எடை முழுவதும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளின் வழியாகப் பாதத்தைக் குத்துகிறது. கொப்புளமும் உள்ளங்கால் வலியும் உடனே தெரியும். கணைக்கால் எலும்பின் அயர்ச்சி மெல்லத் தெரியும். எட்டு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். கடினத் தரையில் மெல்லிய அடிப்பாகமுள்ள பூட்ஸ் அணிந்து ஓடும் சிறுவன் குதிகால் வலிக்கிறது என்றால், அது சோம்பலின் சாக்கன்று.

இனி செயற்கைப் புல். 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் விரிக்கப்பட்டபோது அது ஒரு விந்தை. 1981இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணி அதை ஆங்கிலக் கால்பந்துக்குக் கொண்டுவந்தது. பந்து தறிகெட்டுத் துள்ளியதும், விழுந்தவர்களின் தோல் உரிந்ததும் அக்கால ஆங்கில ரசிகர்களுக்கு மறவாதவை. 1994க்குள் அங்குள்ள தொழில்முறை லீக்கில் அத்தகைய தரைகள் மறைந்துவிட்டன. கடினமான செயற்கைத் தரையில் வளைந்துகொடுக்கும் காலணியுடன் ஆடுவோருக்குப் பெருவிரல் மூட்டில் நேரும் காயத்துக்கு ‘டர்ஃப் டோ’ என்று பெயர் வழங்கலானது 1976இல். இன்று நாம் காண்பது மூன்றாம் தலைமுறைத் தரை: நீண்ட இழைகள், அவற்றிடையே மணலும் ரப்பர் துகள்களும்.

இது இயற்கைப் புல்லைவிட ஆபத்தானதா? விடை ஒரு சொல்லில் அடங்காது. ஐரோப்பாவின் பத்து முன்னணிக் கழகங்களைக் கொண்டு ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ரான்ட் தலைமையில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், மொத்தக் காயங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கணுக்கால் சுளுக்கு செயற்கைப் புல்லில் கூடுதல். கால் தசைப்பிடிப்புக் காயங்கள் குறைவு. அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கின் 2012 முதல் 2016 வரையிலான பதிவுகளோ, செயற்கைப் புல்லில் கால் காயங்கள் 16 விழுக்காடு அதிகம் என்று காட்டின. விளையாட்டு, உடல் எடை, காலணி, தரையின் வயது ஆகிய எல்லாம் முடிவை மாற்றுகின்றன. நன்கு பராமரித்த செயற்கைத் தரை, குண்டும் குழியுமான புல்தரையைவிட மேலானது என்பது நம் கருத்து. ஆனால் நன்கு பராமரித்த இயற்கைப் புல்லுக்கு அது ஈடாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆட்டக்காரர்களின் விருப்பமும் அப்பக்கமே. சால்ட் லேக் மைதானத்தில் விரித்திருந்த செயற்கைப் புல்லை அகற்றி, மீண்டும் இயற்கைப் புல்லை வளர்த்த பிறகே 2017ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டம் அங்கு நடந்தது. 2015இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பையின் 52 ஆட்டங்களையும் செயற்கைத் தரையில் நடத்தியதை எதிர்த்து, முன்னணி வீராங்கனைகள் ஒன்டாரியோவின் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். ஆடவர் கோப்பைக்கு அத்தகைய தரை தரப்பட்டிருக்குமா என்பது அவர்களின் கேள்வி. முறையீடு பின்னர் திரும்பப் பெறப்பட்டது, கேள்வி நியாயமானதே.

நம் நாட்டில் செயற்கைத் தரையின் முதற்பகை வெயில். இழைகளும் கரிய துகள்களும் வெப்பத்தை உறிஞ்சி, கோடைப் பகலில் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறும். பாதம் சுடுவது ஒருபுறமிருக்க, வெப்பம் கூடும்போது காலணிக்கும் செயற்கைத் தரைக்கும் இடையிலான சுழற்சிப் பிடிப்பும் கூடுகிறது என்று டார்க் பின்னாளில் அளந்து காட்டினார். மாலையில் ஆடுவது வசதிக்காக மட்டுமன்று. தோல் உரிந்த இடத்தை உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி மூடுவது மற்றொன்று; சிராய்ப்புத்தானே என்று விட்ட புண்களின் வழியே தொற்று பரவிய நிகழ்வுகள் உண்டு. ரப்பர் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலப்பதைக் கருதி, அத்தகைய துகள்களின் விற்பனையை எட்டு ஆண்டு அவகாசத்துக்குப் பின் தடைசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி வகுத்துவிட்டது.

கடைக்குச் செல்லும்போது கவனிக்க வேண்டியது பெட்டியின் மீதுள்ள இரண்டெழுத்து. எஃப்.ஜி. என்றால் புல் வளர்ந்த கெட்டியான இயற்கைத் தரைக்கு, எஸ்.ஜி. என்றால் மழையில் இளகிய தரைக்கு, நீண்ட உலோகக் குமிழ்களுடன். ஏ.ஜி. என்பது செயற்கைப் புல்லுக்கானது. குமிழ்கள் குட்டையாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். டி.எஃப். என்பதில் அடிப்பாகம் முழுவதும் சிறுசிறு ரப்பர் மொட்டுகள், ஐ.சி. உள்ளரங்குக்கு. நம் கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் பளபளப்பவை பெரும்பாலும் எஃப்.ஜி. வகையே. நட்சத்திர வீரரின் காலில் கண்டதை வாங்கிவந்து, வாடகைச் செயற்கைத் தரையில் ஆடுவது இன்றைய பரவலான தவறு. மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் சிறு மைதானங்களுக்கும் புழுதித் தரைக்கும் டி.எஃப். போதும், பெரும்பாலும் விலையும் குறைவு. கத்திபோல் நீண்ட தட்டைக் குமிழ்களைவிட உருண்டைக் குமிழ்கள் திரும்பும்போது எளிதில் விடுபடும்.

வளரும் பிள்ளைக்கு இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் குடும்பங்களின் சிக்கன வழக்கம். பள்ளிச் சட்டையில் அது செல்லும், பூட்ஸில் செல்லாது. பாதம் உள்ளே நழுவினால் கணுக்கால் பிசகும். ஆடும்போது அணியும் அதே காலுறையுடன், பாதம் சற்றே பருத்திருக்கும் மாலை வேளையில் அணிந்து பார்த்து, பெருவிரலுக்கு முன் அரை விரலகலம் இடம்விட்டு வாங்குவது நன்று. சேர்த்துவைத்த பணத்தில் விலையுயர்ந்த ஒரு ஜோடிக்குப் பதிலாக, எளிய ஜோடிகள் இரண்டை இரு வகைத் தரைக்கும் வாங்கலாம்.

பெண்களுக்கு இதில் மேலும் ஓர் இடர். ஏ.சி.எல். அறுவதற்கான வாய்ப்பு கால்பந்து ஆடும் பெண்களிடம் ஆண்களைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. ஆனால் கடைகளில் உள்ள பூட்ஸ்கள் மிகப் பெரும்பாலும் ஆண்பாதத்தின் அச்சில் வார்க்கப்பட்டவை. பெண்களின் குதிகால் ஒடுங்கியது. பாத வளைவும் வேறு. ஐரோப்பியக் கழகங்களின் சங்கம் 2023இல் வெளியிட்ட கணிப்பில், முன்னணி வீராங்கனைகளுள் 82 விழுக்காட்டினர் பூட்ஸால் வலியோ அசௌகரியமோ உண்டாவதாகக் கூறினர். பெண்களுக்கெனத் தனி அச்சில் செய்யப்படும் பூட்ஸ்கள் அண்மையில்தான் வரத் தொடங்கியுள்ளன. மகளுக்கு வாங்கும்போது நிறத்தை மட்டும் மாற்றிய ஆண்கள் பூட்ஸா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

காலணியும் தரையும் நம் கையில் இல்லாதபோதும் கையில் உள்ளது ஒன்று உண்டு. ஃபிஃபாவின் மருத்துவக் குழுவினர் வகுத்த ‘11+’ என்ற தயார்ப்பயிற்சி. 15 பயிற்சிகள், ஏறத்தாழ 20 நிமிடங்கள், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையுள்ள பெண்களிடம் ஒரு பருவம் முழுவதும் இதைச் சோதித்தபோது, மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாயாமல் நிற்கப் பழக்குவதே இதன் உயிர்நாடி. பிள்ளையின் பயிற்சியாளர் இதைச் செய்விக்கிறாரா என்று பெற்றோர் கேட்கலாம்.

ஒரு முழங்கால் போனால் என்ன போகும் என்பதை வங்கித் துறை அறியும். தேசியக் கால்பந்து லீக்கில் சென்னையின் இந்தியன் வங்கியும், திருவனந்தபுரத்தின் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கியும் ஆடியதை வாசகர்கள் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும் இருபது வயது இளைஞருக்கு ஏ.சி.எல். அறுந்தால், சீரமைப்பு அறுவைக்குப் பிறகு களம் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதங்கள். அதற்குள் தேர்வுக்கான வயது வரம்பு கடந்துவிடுவதும் உண்டு.

திரும்பும்போது ‘டப்’ என்ற ஒலி, சில மணி நேரத்துக்குள் வீக்கம், ஊன்றினால் கால் நிலைகொள்ளாமை: இம்மூன்றும் சேர்ந்தால் எண்ணெய் நீவாமல் எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் தொடக்கக் காத்திருப்புக் காலமான 30 நாள் விபத்துக் காயங்களுக்குப் பொருந்தாது. ஆபத்தான விளையாட்டுகள் என்ற விலக்கும், மலையேற்றம், ஸ்கை டைவிங் போன்றவற்றில் தொழில்முறையாக ஈடுபடுவோரைக் கருதியது. கவனிக்க வேண்டியது வேறிடத்தில் உள்ளது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகான செலவைப் பல பாலிசிகள் 60 அல்லது 90 நாள் மட்டுமே ஏற்கும். இயன்முறைப் பயிற்சியோ ஒன்பது மாதம் நீளும். எஞ்சிய ஆறு, ஏழு மாதச் செலவைக் குடும்பமே ஏற்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, விபத்தில் நேரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்குமானது. அறுந்த தசைநாருக்கான அறுவைச் செலவை அது தராது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்த 60, 90 என்ற எண் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து, கூடுதல் நாள்களுக்கு எவ்வளவு பிரீமியம் கூடும் என்பதையும் கேட்டறியலாம்.